தேவமணியின் ஆட்டுக்கொட்டகை

சங்கிலி பிடித்துக் காட்டை அளந்துகொண்டு வந்த பிளான்காரர், தேவமணியின் வாசலில் நின்று கேட்ட முதல் கேள்வி இதுதான்.

“இதுல எத்தனை ஆடு கட்டியிருக்கீங்க?”

தேவமணி வாசலில் உட்கார்ந்து தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை. மாதா கோயில் பூசைக்குப் போக வேண்டும்.

“ரெண்டு,” என்றாள். “ரெண்டும் ரெண்டு காலு ஆடு. ஒண்ணு உங்ககிட்டப் பேசிக்கிட்டு இருக்கு. இன்னொண்ணு உள்ள தூங்குது. எழுப்பட்டுமா?”

உள்ளே தூங்கியது அவள் புருஷன் யோபு. கனகசபாபதி முதலாளியின் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்குத் திரி வைக்கிறவன். ஆள் சாது. ஆறு நாளும் வெடிமருந்துக்குப் பக்கத்தில் பயந்து பயந்து வேலை பார்த்துவிட்டு, ஞாயிறு ஒரு நாள் மட்டும் பயமில்லாமல் தூங்குவான்.

பிளான்காரர் மதுரையிலிருந்து வந்திருந்த மனுஷர். நல்ல மனுஷர்தான். கையிலிருந்த தாளையும் தேவமணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“தப்பா நெனைக்காதீங்கம்மா. இதுல அப்படித்தான் போட்டிருக்கு.”

“என்ன போட்டிருக்கு? எனக்கு எழுத்து தெரியாது. வாசிச்சுக் காட்டுங்க.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். “ஆட்டுக்கொட்டகை. ஆள் குடியில்லை.”

இது நடந்தது ஐம்பத்தொன்பதாம் வருஷம், சித்திரை மாசம். நாரணாபுரத்துக்கு மேற்கே கரிசல்காட்டில் தேவமணியின் குடிசையைச் சுற்றியிருந்த நிலம் முழுவதையும் கனகசபாபதி முதலாளி வாங்கி முடித்திருந்தார். சீசனுக்கு ஆர்டர் கூடிப்போனதால் மருந்து வைக்கப் புதிதாக ஒரு கட்டடம் வேண்டும். ஆனால் மருந்துக் கட்டடத்துக்கு இத்தனை கஜத்துக்குள் ஆள் குடியிருக்கும் வீடு இருக்கக் கூடாது என்று சர்க்கார் சட்டம். ஆட்டுக்கொட்டகை இருக்கலாம். ஆட்டைப் பற்றிச் சட்டத்துக்குக் கவலை இல்லை.

அந்த நேரம் பார்த்துக் குடையும் வெற்றிலையுமாக வந்து சேர்ந்தார் சீனிவாசகம். கம்பெனி கணக்குப்பிள்ளை. முதலாளிக்கு வலது கை. இடது கையும் அவர்தான் என்று சொல்வார்கள், எதற்கு என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

“ஏத்தா தேவமணி, கோவிச்சுக்காத. நான்தான் அப்படி எழுதச் சொன்னேன். நீயே சொல்லு, இதுல வீடுன்னு சொல்ல என்ன இருக்கு? நிலை உண்டா? தகரத்தைச் சாத்தி வச்சிருக்க. ஜன்னல் உண்டா? அடுப்பு வெளிய மழையில கிடக்கு. தரை மண்ணு, கூரை ஓலை. எங்க வீட்டு மாட்டுக்கே ஓடு போட்ட தொழுவம். இதப் போயி வீடுன்னு எழுதினா, மெட்ராஸ்ல இருந்து வர்ற ஆபீசரு எங்களப் பாத்துச் சிரிப்பாரு.”

“மருந்துக் கட்டடம் எங்கன வருது?”

“அந்தா, கல்லு நட்டிருக்குல்ல, அங்கன.”

வாசலில் நின்று கூப்பிட்டால் கல் திரும்பிப் பார்க்கும். அவ்வளவு தூரம்தான்.

“அது வெடிச்சா?”

“ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா?”

“வெடிச்சா என்ன எழுதுவீக கணக்குப்பிள்ளை? ரெண்டு ஆடு செத்துப்போச்சுன்னா?”

சீனிவாசகம் வெற்றிலை மெல்வதை நிறுத்தினார். பிளான்காரர் சங்கிலியைச் சுருட்டத் தொடங்கினார்.

“விஸ்வநத்தத்துல முதலாளி ஒரு அறை தாரேங்காரு. புருசனும் பொண்டாட்டியும் போயி சவுரியமா இருங்க.”

“அது யாரு அறை?”

“முதலாளி அறைதான்.”

“இது யாரு வீடு?”

சீனிவாசகம் குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டார். கட்டடத்துக்கு அனுமதி கொடுக்க ஆடி மாசம் ஆபீசர் வருவார், அதற்குள் இவளுக்கே புத்தி வந்து கிளம்பிவிடுவாள் என்பது அவர் கணக்கு. கணக்கில் அவர் புலி. அன்று செய்த பிழை ஒன்றே ஒன்றுதான். இருபது வருஷமாகச் சித்தாள் வேலை பார்க்கிறவளிடம் போய், வீடு என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்று அவரே வரிசையாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

தேவமணி ஆமத்தூரில் பிறந்தவள். அவள் அப்பா சவரியப்பன் கிணறு வெட்டுகிறவர். ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர், தனக்கென்று நாரணாபுரத்துக் கரிசலில் ஒரு துண்டு நிலம் வாங்கிக் கிணறு வெட்டினார். கரிசலுக்குக் கீழே வெள்ளைச் சுக்கான் பாறை வந்தது. அதற்குக் கீழே இன்னும் சுக்கான் பாறை வந்தது. தண்ணீர் வரவில்லை. வெளியே வாரிப் போட்ட மண்ணைப் பார்த்துக்கொண்டே ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த மண்ணைக் குழைத்துச் சுவர் எழுப்பி, ஓலை வேய்ந்து, மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டார். தேவமணி குடியிருந்த வீடு அப்படிப் பிறந்ததுதான்.

பன்னிரண்டு வயதில் தலையில் சும்மாடு வைத்தவள் அவள். விருதுநகரிலும் சிவகாசியிலும் அவள் கல் சுமக்காத மாடி கிடையாது. எந்த வீட்டு மாடிப்படி சரியில்லை, எந்த வீட்டுச் சமையலறையில் புகை தேங்கும், எந்த முதலாளி இரண்டாவது அறையை யாருக்காகக் கட்டினார் என்பது வரைக்கும் அவளுக்குத் தெரியும். கடைசி விஷயத்தை மட்டும் காசு கொடுத்தாலும் சொல்ல மாட்டாள். காசு கொடுக்காமல் கேட்டால் சொல்லிவிடுவாள்.

அந்த வாரம் அவளுக்கு வேலை விருதுநகரில். பருத்தி வியாபாரி ஒருவர் மாடி எடுக்கப் பழைய வீட்டை இடித்துக்கொண்டிருந்தார். வாசல் நிலையையும் ஜன்னலையும் பிடுங்கி மூலையில் போட்டிருந்தார்கள். பழைய பர்மா தேக்கு. நிலையின் நெற்றியில் கஜலட்சுமி செதுக்கியிருந்தது. வியாபாரி வீட்டு அம்மா சொர்ணலட்சுமி அதை வெந்நீர் அடுப்புக்கு வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அம்மா, இந்த மாசக் கூலி எனக்கு வேண்டாம்,” என்றாள் தேவமணி. “அந்த நிலை, அந்த ஜன்னலு, இடிச்ச ஓடு. இது போதும்.”

சொர்ணலட்சுமி அவளை மேலும் கீழும் பார்த்தாள். “நீ வேதக்காரியாச்சே. நெத்தியில லட்சுமி இருக்காளே?”

“இருக்கட்டும்மா. இம்புட்டு நாளு பெரிய வீட்டைக் காத்தவ, என் வீட்டைக் காக்க மாட்டாளா? உபதேசியார் கேட்டா, ரெண்டு யானையும் நோவா பேழையில இருந்து எறங்கினதுன்னு சொல்லிக்கிடுறேன்.”

நிலையையும் ஜன்னலையும் ஏற்றிய மாட்டுவண்டி ஆமத்தூர் வழியாக வந்தபோது டீக்கடையில் பேச்சு கிளம்பியது. யோபு கம்பெனியில் எதையோ அமுக்கிவிட்டான் என்று ஒரு பேச்சு. தேவமணி அப்பன் வெட்டிய கிணற்றில் புதையல் எடுத்தாள் என்று இன்னொரு பேச்சு. யோபுவுக்கு அவ்வளவு சாமர்த்தியம் கிடையாது என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால் புதையல் பேச்சுதான் நன்றாக ஓடியது.

வேலைக்குக் கொத்தனார் தனுஷ்கோடியைக் கூப்பிட்டாள். இருபது வருஷமாக அவருக்குக் கலவை தூக்கியவள் அவள். அவரும் ஞாயிற்றுக்கிழமை வந்தார். தோளில் பை. வாசலில் நின்று தலையைச் சொறிந்தார்.

“நான் வரலம்மா. புது மருந்துக் கட்டட வேலைய முதலாளி எனக்குத்தான் தாரேன்னு சொல்லியிருக்காரு. ஒனக்குச் சுவரு வச்சா எனக்குச் சோறு போயிரும்.”

“சரிண்ணே. போங்க.”

“போறேன். இந்தப் பைய மட்டும் இங்கன வச்சிட்டுப் போறேன். வெயிலுக்குத் தூக்க முடியல. ஆடி முடிஞ்சு வந்து எடுத்துக்கிடுறேன்.”

பைக்குள் கரண்டி, மட்டப்பலகை, தூக்குக்குண்டு எல்லாம் இருந்தன.

சித்தாள் கரண்டியைத் தொடக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் அந்தப் பக்கம் எந்தப் பெண்ணும் தொட்டதில்லை. கொத்தனார் குடிக்கத் தண்ணீர் கேட்டு இறங்கினால்கூடக் கரண்டியைச் சுவர்மேல் வைத்துவிட்டுத்தான் இறங்குவார், அவள் கையில் கொடுக்க மாட்டார். தேவமணி கரண்டியை எடுத்து எடை பார்த்தாள்.

“இதுக்குத்தானா இம்புட்டு பவுசு?” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

வேலைக்குப் போய் வந்த பிறகு வெளிச்சம் இருக்கிற வரைக்கும் சொந்த வேலை. முன்சுவரைத் தட்டிவிட்டு, கரிசலைத் தோண்டிப் பாறையில் அஸ்திவாரம் வைத்தாள். அப்பா வெட்டிப் போட்ட சுக்கான் கல்லே சுவருக்கு ஆனது. யோபு கம்பெனியிலிருந்து வந்து சுண்ணாம்பு அரைத்தான்.

“ஏ தேவமணி, சுவரு கொஞ்சம் சாய்ஞ்ச மாதிரி இருக்கே?”

“உங்க கழுத்து சாய்ஞ்சிருக்கு. நேரா நின்னு பாருங்க.”

தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தாள். சுவர்தான் சாய்ந்திருந்தது. யோபு தூங்கும்வரை காத்திருந்து, விடிகாலையில் பிரித்து மறுபடி கட்டினாள். அவன் எழுந்து பார்த்து, “இப்பக் கழுத்து சரியாயிருச்சு,” என்றான். அவனுக்கு எல்லாம் தெரியும். சொல்ல மாட்டான், அவ்வளவுதான்.

வைகாசி முடிவதற்குள் நிலை நின்றது. கிழக்கே ஜன்னல் வந்தது. பதினேழு வருஷமாக இருட்டில் கிடந்த வீட்டுக்குள் முதல்முதலாக வெயில் நுழைந்தபோது, மூலையில் கிடந்த தன் பழைய சட்டை என்ன நிறம் என்பதே யோபுவுக்கு அன்றுதான் தெரிந்தது. பனங்கைச் சட்டங்களைப் போட்டு ஓடு வேய்ந்தார்கள். பக்கத்தில் ஒரு அடுப்பங்கரை, அதற்குப் புகைக்கூண்டு. அதை மட்டும் தேவை இல்லாத உயரத்துக்கு எடுத்தாள்.

“இம்புட்டு உசரம் எதுக்கு?” என்றான் யோபு.

“கம்பெனியில இருந்து பாத்தா தெரியணும்ல?”

தெரிந்தது. மறுநாளே சீனிவாசகம் யோபுவைக் கூப்பிட்டுவிட்டார்.

“என்னலே யோபு, ஒன் பொண்டாட்டி கோட்டை கட்டுறாளாமே? சொல்லி அடக்கு.”

“நீங்களே வந்து சொல்லிருங்க சார். நான் சொன்னா அவளுக்குக் காது கேக்க மாட்டேங்குது. அவ சொன்னா எனக்கு மட்டும் நல்லாக் கேக்குது.”

“வேலை போயிரும்லே.”

அன்று ராத்திரி யோபு சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

“நாம ஏன் தேவமணி பெரிய இடத்தோட மல்லுக்கு நிக்கணும்? விஸ்வநத்தத்துக்கே போயிருவோமா?”

தேவமணி கையிலிருந்த அகப்பையை வைத்தாள். “இருபது வருசமா அடுத்தவன் வீட்டுக்குக் கல்லு சொமந்திருக்கேன். எனக்கும் ஒண்ணு இருக்குன்னு நெனச்சுத்தான் சொமந்தேன். அதுல ஆடுதான் இருக்குன்னு எவனோ தாள்ல எழுதுறான். நீங்க போறதுன்னா போங்க. வாரம் ஒருக்கா வந்து பாருங்க, கஞ்சி ஊத்துறேன்.”

யோபு போகவில்லை.

கடைசியாகத் தரை. பாதி மூட்டை சிமெண்டுக்கு ஒரு வாரம் வேலை பார்த்தாள். சிவப்புப் பொடி கலந்து தரை போட்டு, காய்ந்தபின் கூழாங்கல்லால் தேய்த்தாள். தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்தாள். பத்து நாள் தேய்த்ததில் குனிந்து பார்த்தால் முகம் தெரிந்தது. யோபுவுக்கு அதில் கால் வைக்கவே பயம். தட்டை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்துதான் சாப்பிட்டான். தப்பித்தவறி மண்காலோடு ஏறிவிட்டால் அவள் கத்துவது கம்பெனிவரை கேட்கும்.

ஆடி பிறந்தது. ஆபீசர் வருகிற தேதியும் தெரிந்தது. முந்தின நாளே யோபுவை விருதுநகருக்கு லோடோடு அனுப்பினார்கள், மறுநாள் பொழுது சாய்ந்துதான் திரும்ப வேண்டும் என்று. விடிந்ததும் கம்பெனி ஆள்கள் எட்டு ஆடுகளைக் கொண்டுவந்து தேவமணியின் வாசலில் முளையடித்துக் கட்டினார்கள்.

“இது என்ன?” என்றாள்.

“முதலாளி ஆடு. முதலாளி நிலத்துலதான் கட்டியிருக்கோம்,” என்றார் சீனிவாசகம். உண்மைதான். அவள் வாசற்படிக்கு ஒரு அடி தள்ளி முதலாளி நிலம்.

அன்று அவள் வேலைக்குப் போகவில்லை. வெளுத்த சேலையைக் கட்டிக்கொண்டு நிலையில் சாய்ந்து நின்றாள். பதினோரு மணிக்கு ஜீப்பில் ஆபீசர் வந்தார். தொப்பி, கண்ணாடி, கையில் தாள். கூடவே மதுரைப் பிளான்காரர். கனகசபாபதி முதலாளி வரவில்லை. பெரிய மனிதர்கள் இந்த மாதிரி இடத்துக்கெல்லாம் வர மாட்டார்கள்.

ஆபீசர் தாளைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தார்.

“இதுவா ஆட்டுக்கொட்டகை?”

“ஆமா சார்,” என்றார் சீனிவாசகம். “முதலாளிக்கு ஜீவராசின்னா உயிரு. நல்ல வசதியாக் கட்டிக் கொடுத்திருக்காக.”

“புகைக்கூண்டு வச்சா?”

“ஆட்டுக்குப் புண்ணாக்கு வேக வைக்கணும்ல சார்.”

“அந்த அம்மா?”

“ஆடு பாத்துக்கிட ஆள் போட்டிருக்கு சார். சாயந்தரம் ஊருக்குப் போயிரும்.”

தேவமணிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஆனால் கத்தவில்லை. கத்தினால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்கள். இறங்கி வந்து ஆபீசரைக் கும்பிட்டாள்.

“அய்யா, நான் ஒண்ணும் சொல்லல. கணக்குப்பிள்ளை சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். கொட்டகைன்னா ஆடு தினமும் உள்ள போயி வந்து பளகியிருக்கும்ல? ஒரே ஒரு ஆட்டை உள்ள ஓட்டச் சொல்லுங்க.”

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வாயோரத்தில் ஏதோ துடித்தது. “ஓட்டுங்க,” என்றார்.

கம்பெனி ஆள் ஒருவன் முன்னால் நின்ற கிடாயை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போனான். கிடா வாசற்படிவரை நல்லபடியாகத்தான் வந்தது. உள்ளே ஒரு பார்வை பார்த்தது. சிவப்புத் தரையில் ஜன்னல் வெளிச்சம் பளபளவென்று கிடந்தது. ஆட்டுக்கு அது தரை என்றா தெரியும்? குளம் என்று நினைத்துவிட்டது. நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு நின்றது. இழுத்தான். நகரவில்லை. பின்னால் போய் இன்னொருவன் தள்ளினான். முன்னங்கால் தரையில் பட்டுச் சறுக்கியதுதான் தாமதம், கத்திக்கொண்டு திரும்பிப் பாய்ந்தது. சீனிவாசகத்தின் குடை ஒரு பக்கம், சீனிவாசகம் ஒரு பக்கம்.

“புது ஆடு சார்,” என்றார் வேட்டியைத் தட்டிக்கொண்டே. “இன்னொண்ணை ஓட்டிப் பாப்போம்.”

இன்னொன்றும் அப்படியே. மூன்றாவது வாசற்படிக்கே வரவில்லை.

அப்போதுதான் கல் நட்ட பக்கமிருந்து ஒரு ஆள் வேகமாக நடந்து வருவது தெரிந்தது. யோபு. விருதுநகரில் லோடை இறக்கியதும் வேறு வண்டி பிடித்து ஆமத்தூரில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியாகவே நடந்திருக்கிறான். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. ஆபீசரைப் பார்த்தான். சீனிவாசகத்தைப் பார்த்தான். யாருக்கும் கும்பிடு போடவில்லை. நேராக நடந்து, நிலையில் குனிந்து, முழங்கால்வரை கரிசல் ஒட்டிய காலோடு சிவப்புத் தரையில் ஏறி நடுவீட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

“தேவமணி,” என்றான் சத்தமாக. “கஞ்சி ஊத்து. பசிக்குது.”

தரை நெடுகக் கருப்புக் கருப்பாகக் கால்தடம். தேவமணி அதைப் பார்த்தாள். உள்ளே போய்த் தட்டை வைத்தாள், கஞ்சியை ஊற்றினாள், தொட்டுக்கொள்ள வெங்காயம் வைத்தாள். வெளியே ஜீப், ஆபீசர், எட்டு ஆடு எல்லாம் நிற்க, யோபு நிதானமாகச் சாப்பிட்டான்.

“இவரு யாரு?” என்றார் ஆபீசர்.

சீனிவாசகத்தால் அதற்கு மட்டும் பொய் சொல்ல முடியவில்லை. கம்பெனிச் சம்பளப் பதிவேட்டில் யோபுவின் பெயரையும் விலாசத்தையும் எழுதினதே அவர் கைதான்.

ஆபீசர் வாசல் நிலையிலிருந்து கல் வரைக்கும் சங்கிலி பிடிக்கச் சொன்னார். பிளான்காரர் ஓடி ஓடிப் பிடித்தார். முன்னே அளந்ததைவிட அன்று அவருக்கு உற்சாகம் கூடுதல். பிறகு தாளில் பழைய எழுத்தைக் கோடு போட்டு அடித்துப் புதிதாக எழுதி, தேவமணி கேட்காமலே உரக்க வாசித்தார். “ஓட்டு வீடு. குடும்பம் குடியிருக்கிறது.”

மருந்துக் கட்டடம் கிழக்குக் கோடிக்குப் போய்விட்டது. யோபுவின் வேலை மறுநாள் காலையே போனது. சீசன் நேரம். அந்த வாரமே விஸ்வநத்தத்தில் வேறொரு கம்பெனி அவனைக் கூப்பிட்டு எடுத்துக்கொண்டது. நடைதான் கொஞ்சம் தூரம். ஒரு மாதம் கழித்துச் சீனிவாசகம் வந்து, வீட்டை நல்ல விலைக்கே முதலாளி எடுத்துக்கொள்வார் என்றார். “ஆட்டுக்கொட்டகைக்கு எதுக்கு அம்புட்டு விலை?” என்று கேட்டு அனுப்பிவிட்டாள் தேவமணி.

ஐப்பசியில் பஞ்சாயத்திலிருந்து வரி போடும் அய்யாதுரை வந்தார். இரக்கமுள்ள ஆள். ஏழைபாழைக்கு வரியைக் குறைத்து எழுதிக் கொடுப்பதில் பேர்போனவர். வீட்டைச் சுற்றி ஒரு நடை வந்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

“ஓலைக்குடிசைன்னு எழுதிக்கிடுறேன் தாயி. ஒண்ணுமில்லாத வரிதான் வரும்.”

“ஓலையா? எங்கன இருக்கு ஓலை?” தேவமணி நோட்டை எட்டிப் பார்த்தாள். “ஓடுன்னு எழுதுங்க.”

“ஓடுன்னா கூடுமே தாயி.”

“கூடட்டும். ஜன்னல எழுதினீகளா? தேக்கு நிலை? அடுப்பங்கரை தனி. புகைக்கூண்டு இருக்கு, மேல பாருங்க. உள்ள வந்து தரையப் பாருங்க, செருப்பைக் களத்திட்டு வாங்க.”

“ஏ தேவமணி, அவரு நம்ம நல்லதுக்குத்தான் சொல்றாரு,” என்றான் யோபு.

“நீங்க சும்மா இருங்க. ஒண்ணு விட்டாலும் நான் விடமாட்டேன். எல்லாத்தையும் எழுதி, எம்புட்டு வருதோ அம்புட்டையும் போடுங்க அய்யா.”

அய்யாதுரை தலையைப் பிடித்துக்கொண்டு எழுதினார். வரியைக் குறைக்கச் சொல்லி அழுதவர்கள் உண்டு, அடிக்க வந்தவர்களும் உண்டு. கூட்டச் சொல்லிச் சண்டை போட்டவளை அன்றுதான் பார்க்கிறார். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, கதவு எண் எழுதிய தகரத்தை எடுத்தார். அவள் அதைப் பிடுங்காத குறையாக வாங்கி, ரோட்டில் போகிறவனுக்கும் தெரிகிற உயரத்தில் தானே ஆணி அடித்தாள்.

“அடுத்த வருசமும் மறக்காம வாங்க,” என்றாள் சுத்தியலைக் கீழே வைத்துக்கொண்டே. “பக்கத்துல இன்னொரு அறை எடுக்கப்போறேன். அதையும் சேத்து எழுதணும்.”

“எந்தப் பக்கம்?” என்றான் யோபு, பயத்தோடு.

“கம்பெனிப் பக்கந்தான்.”